மாமா கொடுத்த பழைய டி700: தினமும் மாட்டிவைக்க ஒரே ஒரு லென்ஸ், எது?

ஆயர்ஈத்தாம்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் வருகிறவன், இன்றுதான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா பினாங்கில் முப்பது வருடம் கல்யாண போட்டோ எடுத்தவர். முழங்கால் போனதும் தொழிலை விட்டார், லென்ஸ்களை ஒவ்வொன்றாக விற்றார். நிக்கான் டி700 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் "12 மெகாபிக்சல்தானா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, அத்தை போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்களாம். இந்தத் தீபாவளிக்குப் போனபோது அதை ஒரு குட் மார்னிங் துண்டில் சுற்றி என் கையில் வைத்தார். "விற்கிறதாக இருந்தால் எனக்குத் தெரியாமல் விற்று விடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஷட்டர் 90,000 படத்தைத் தாண்டியிருக்கிறது. 150,000 வரை சோதித்து விட்ட ஷட்டர் என்பதால் நான் எடுக்கிற வேகத்துக்கு என் மகள் கல்யாணம் வரை தாங்கும். அவளுக்கு இப்போது ஏழு வயது.

கல்யாணம், பறவை, நிலா எதுவும் நான் எடுக்கப் போவதில்லை. பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. காலையில் வீடு திரும்பும்போது மகள் தமிழ்ப்பள்ளிக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள், அம்மா அடுப்படியில் தோசை சுடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் சந்தை, சில வெள்ளிக்கிழமை குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், அப்புறம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை. இவ்வளவுதான் என் உலகம். இதற்கு ஒரே ஒரு லென்ஸ் வேண்டும். கையில் 800 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. வீட்டில் 500 என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவைக் கேட்டேன். "கண்ணு எங்கே நிற்குதோ அதை வாங்கு" என்கிறார். இதை வைத்துக்கொண்டு கடையில் என்ன கேட்பது?

செந்தூல்காரன்

24-70 எஃப் 2.8 ஜி ஜூம். அகலத்துக்கு 24 மி.மீ., கிட்டே இழுக்க 70, எஃப் எண் சின்னது என்பதால் வெளிச்சமும் நிறைய வாங்கும். முடிந்தது கதை. 2007-ல் வந்த லென்ஸ், இன்றைக்கும் பாதி கல்யாணம் அதில்தான் ஓடுகிறது. 800-க்குக் கிடைக்காது. இன்னும் ஆறு மாதம் சேருங்கள். சின்ன லென்ஸாக மூன்று வாங்கி, மூன்றையும் விற்று, கடைசியில் இதற்குத்தான் வந்து நிற்பீர்கள். நான் வந்தேன்.

ஆயர்ஈத்தாம்_அப்பா

அண்ணே, மாமாவிடம் இருந்ததும் அதுதான். அவர் முழங்கால் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அத்தை சொல்கிறார். அந்த லென்ஸ் 900 கிராம், பாடி பேட்டரி இல்லாமலேயே 995 கிராம். மோட்டார் சைக்கிளில் முன்னால் காய்கறிப் பை, பின்னால் பிள்ளை, கழுத்தில் இரண்டு கிலோ. ஒரு மாதம் கொண்டு போவேன், அப்புறம் அலமாரிக்குள் போய்விடும். என்னை எனக்குத் தெரியும்.

வாத்தியார்62

தம்பி, மாமா சொன்னதுதான் சரியான பதில். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

முதலில் பாடியைப் பற்றி. நம்முடைய ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் டி700 அறிவிக்கப்பட்டதும் ஒரே மாதம், 2008 ஜூலை. அன்றிலிருந்து கடைவீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, இந்தக் கேமரா விலை டீத்தண்ணிக்கு இறங்கிவிட்டது. நமக்கு அது லாபம். இதற்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. லென்ஸ் மவுண்டின் ஓரத்தில் திருப்புளி முனை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், பாருங்கள். டி40, டி60, டி5000 வரிசைக்காரர்களுக்கு அது கிடையாது. அதனால் "ஏஎஃப்-டி" என்று போட்ட பழைய லென்ஸ்களைச் சின்னக் கேமராக்காரர்கள் வாங்க மாட்டார்கள். உங்கள் கேமராவில் அவை முழுசாக வேலை செய்யும். கரகரவென்று சத்தம் போடும், அவ்வளவுதான்.

12 மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவ்வளவு பெரிய சென்ஸாரில் 12 மில்லியன்தான் என்றால் ஒவ்வொரு புள்ளியும் பெரிது. 36 மெகாபிக்சலில் மாட்டினால் ஓரமெல்லாம் கலங்கித் தெரிகிற பழைய லென்ஸ், இதில் மாட்டினால் மானத்தோடு இருக்கும். புது லென்ஸுக்குக் காசு கொட்ட வேண்டிய கேமரா இல்லை இது.

இனி லென்ஸ். 50 எஃப் 1.8டி எல்லோரும் சொல்வது. 155 கிராம், விலையும் குறைவு. ஆனால் 45 சென்டிமீட்டருக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்காது, உங்கள் அடுப்படியில் பின்னால் நகரவும் இடம் இருக்காது. 35 எஃப் 2டி 205 கிராம், 25 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். பிள்ளை சடை பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்தே எடுக்கலாம். ஜூம்தான் வேண்டும் என்றால் 28-105 எஃப் 3.5-4.5டி. 455 கிராம், 62 மி.மீ. ஃபில்டர், ஒரு மேக்ரோ பொத்தானும் உண்டு. 50-லிருந்து 105-க்குள் திருப்பி அதைப் போட்டால் பொருளின் பாதி அளவுக்குப் படம் விழும். மல்லிகைச் சரத்தை மொட்டு மொட்டாக எண்ணலாம். யாரும் பெரிதாகப் பேசாத லென்ஸ் என்பதால் விலையும் ஏறவில்லை.

24-120-ம் சொல்வார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தக் கேமராவுக்கு அந்த எண்ணில் மூன்று லென்ஸ் வந்திருக்கிறது. 1996-லும் 2003-லும் வந்தவை எஃப் 3.5-5.6. 2010-ல் வந்ததுதான் எஃப் 4, நல்லது. விற்கிறவர் "24-120 விஆர்" என்று மட்டும் போட்டிருந்தால் 2003-ஆ, 2010-ஆ என்று கேளுங்கள், இரண்டிலும் விஆர் (கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி) உண்டு. நல்லதன் எடை 710 கிராம். உங்கள் மோட்டார் சைக்கிள் கணக்குக்கு அதுவும் கனம்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாமாவின் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும். கல்யாணப் படங்களை விடுங்கள், காசுக்காக எடுத்தவை அவை. வீட்டுக்காரர்களை எடுத்த படங்களைத் திறந்து, எத்தனை மி.மீ.-இல் எடுத்தார் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள், கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். "கண்ணு நிற்கிற இடம்" என்று அவர் சொன்னது அந்த எண்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். டி லென்ஸ் வாங்கினால் அதன் எஃப் எண் வளையத்தை 22-ல் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் திரையில் "எஃப்இஇ" என்று மினுக்கும், ஷட்டர் விழாது. பாதிப் பேர் கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவது இதற்குத்தான்.

சுங்கைபட்டாணி_அக்கா

தம்பி, வாத்தியார் 35 என்றதும் எனக்குப் பழைய புண் வலிக்கிறது, சொல்லிவிடுகிறேன். என்னிடமும் டி700-தான். ஆன்லைனில் "35 எஃப் 1.8ஜி, புதுசு மாதிரி, மலிவு" என்று பார்த்ததும் இரவோடு இரவாகப் பணம் அனுப்பினேன். வந்தது டிஎக்ஸ் லென்ஸ், சின்ன சென்ஸார் கேமராவுக்கு உரியது. மாட்டினால் கேமரா அதுவாகவே படத்தை வெட்டி 5 மெகாபிக்சல் ஆக்கிவிடுகிறது. வெட்டாதே என்று மெனுவில் போட்டால் நான்கு மூலையும் கறுப்பு, கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி.

விற்றவர் மேல் குற்றமில்லை. படத்தில் டிஎக்ஸ் என்று தெளிவாகத்தான் இருந்தது. நைட் டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் நான்தான் பார்க்கவில்லை. ஷிப்ட் வேலைக்காரரே, தூங்கி எழுந்து வாங்குங்கள். பெரிய சென்ஸாருக்கான 35 எஃப் 1.8ஜி தனியாக 2014-ல் வந்தது. அதில் டிஎக்ஸ் என்ற எழுத்தே இருக்காது.

படகுத்துறை

நான் 50 கட்சி. நாலு வருடமாகப் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வந்து ஜார்ஜ் டவுனை 50-ல்தான் எடுக்கிறேன். இடம் போதவில்லை என்றால் காக்கி லீமா நடைபாதையிலிருந்து இறங்கி ரோட்டில் நில்லுங்கள்.

வாத்தியார்62

ரோட்டில் நின்றால் பின்னால் லாரி வரும். ஐயா தனி ஆள், பாலத்திலும் பெர்ரியிலும் சுற்றுகிறவர். தம்பி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்கிறவர்.

படகுத்துறை

சரி, அதுவும் நியாயம்தான். தோற்றுப்போனதற்கு அபராதமாக ஒன்று செய்கிறேன். என்னிடம் 28-105டி சும்மா கிடக்கிறது. தம்பி, சனிக்கிழமை பெர்ரி துறைக்கு வாருங்கள், இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இஷ்டத்துக்குத் திருப்புங்கள். இரண்டாம் வாரம் டேப் போட்டு ஒரே இடத்தில் ஒட்டிவிடுங்கள், கறுப்பு டேப், பசை விடாததாகப் பார்த்து. எங்கே ஒட்டுவது என்பதை மாமாவின் ஹார்டு டிஸ்க் சொல்லட்டும். எங்கே கை பரபரக்கிறது என்று அப்போது தெரியும்.

வெயில் நேரத்துக்கு ஒரு குறிப்பு. இந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 200. மத்தியானம் சியூ ஜெட்டி பலகையில் நின்று எஃப் 1.8-ல் பின்னணியைக் கரைக்க நினைத்தால் 1/8000 ஷட்டர்கூடப் போதாது, வெளுத்துவிடும். எஃப் 4-க்கு மூடிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் விலை உயர்ந்த லென்ஸும் மலிவு லென்ஸும் ஒன்றுதான்.

ஆயர்ஈத்தாம்_அப்பா

படகுத்துறை ஐயாவுக்கு நன்றி. லென்ஸோடு ஒரு பொட்டலம் வடையும் கொடுத்தனுப்பினார். இதை அவர் சொல்லமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். "வீடு" என்று ஒரே ஒரு ஃபோல்டர், 212 படம். பாதி இரவு அதிலேயே போய்விட்டது. பாட்டி உயிரோடு இருக்கிறார், எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, அத்தை எல்லாப் படத்திலும் "போதும் வை" என்று கையை நீட்டுகிறார். எண்களுக்கு வருகிறேன். 24-70 மாட்டியிருந்தவர், 70 வரை திருப்பியது 19 படத்தில். 24-க்கு அகட்டியது எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்த குரூப் படங்களில். மீதி எல்லாம் 32, 35, 38 என்று ஒரே இடத்தைச் சுற்றுகிறது. கையில் ஜூம் இருந்தும் மனுஷன் அங்கேயே நின்றிருக்கிறார்.

35-ல் டேப் ஒட்டினேன். அடுப்படியில் சரியாக இருந்தது. கோயிலிலும் சரி. சந்தையில் மீன்காரர் முகத்தை மட்டும் எடுக்க நினைத்தபோது டேப்பைக் கிழிக்கலாமா என்று ஒருமுறை தோன்றியது. கிழிக்கவில்லை, இரண்டு அடி முன்னால் போனேன். அவர் என்னிடம் அரைக் கிலோ கெம்போங் விற்றுவிட்டார்.

குறை என்றால் வெளிச்சம்தான். வீட்டில் டியூப்லைட். இந்த ஜூமில் 35-ல் எஃப் 3.5 வாக்கில்தான் கிடைக்கிறது, ஐஎஸ்ஓ 3200 வைத்தும் மகள் தலையைத் திருப்பினால் சடை கோடாகிவிடுகிறது. விஆர் உள்ளது வாங்கினால் சரியாகுமா?

வாத்தியார்62

ஆகாது. விஆர் உங்கள் கை நடுக்கத்தைப் பிடிக்கும், பிள்ளையைப் பிடிக்காது. எஃப் 2-க்குப் போனால் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல், அதாவது சுமார் மூன்று மடங்கு வெளிச்சம், 1/60-ல் எடுத்ததை 1/180 வாக்கில் எடுக்கலாம். ஆனால் டியூப்லைட் நம் ஊர் மின்சாரத்துக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100-க்கு மேல் ஏற்றினால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் இருட்டு என்று வரும். 1/100-லேயே நிறுத்துங்கள், மிச்ச வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்ளலாம். சடை அசையாமல் இருக்க அது போதும்.

செந்தூல்காரன்

தைப்பூசத்துக்கு என்ன பண்ணுவீர்கள்? வெள்ளி ரதம் முகத்துக்கு நேரே வரும்போது 35-ல் சக்கரம்தான் விழும்.

வாத்தியார்62

ரதத்துக்கு ஃபோன் எடுக்கட்டும், அதன் கண் 24, 26-ல்தான் இருக்கிறது. ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற இடத்தில் மட்டும் லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் போய், தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடியில் இளநீர் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டிவிட்டது. 513 படியும் ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து துடைத்தால் எறும்பு.

தம்பி, 35 எஃப் 2டி என்று முடிவாகிவிட்டால் கடையில் பார்க்க வேண்டியது பங்கஸ், அதாவது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் ஒருவர் சும்மா பையில் போட்டு வைத்த லென்ஸ் என்றால் பாதிக்குப் பாதி சந்தேகம்தான். வளையத்தை எஃப் 2-க்குத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. பிறகு வளையத்தை 22-க்குத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள், இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது.

வாங்கியதும் டிரை கேபினட் (ஈரம் புகாத அலமாரி) இல்லையென்றால் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று. 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் போதும். அரிசி டின் வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம், தவிடு உள்ளே போகும்.

ஆயர்ஈத்தாம்_அப்பா

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நைட் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

முதலில் பார்த்தது ஒரு கடையில். கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில், பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்தேன், உள்ளே மாரியம்மன் கோயில் கோலம். கடைக்காரர் "அது படத்தில் வராது" என்றார். இன்றைக்கு வராது என்று எனக்கும் தெரியும். வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில். சீனப் பெரியவர், ஓய்வுபெற்றவர், மொத்தத்தையும் விற்றுக்கொண்டிருந்தார். டிரை கேபினட்டிலிருந்து எடுத்தார், அட்டைப்பெட்டியும் இருந்தது. நான் டார்ச்சை எடுப்பதற்குள் அவரே எடுத்து நீட்டினார். 480 வெள்ளி. வீட்டில் சொன்ன கணக்குக்குள் வந்துவிட்டது, மனசாட்சிக்கும் நல்லது.

படகுத்துறை ஐயா, உங்கள் ஜூமைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், டேப் பசை ஒட்டியிருந்தால் சொல்லுங்கள்.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல் வாங்கி, மகளை நோக்கித் தூக்கினார். இடது கை தானாகவே லென்ஸைத் திருப்பியது. முப்பது வருட ஜூம் பழக்கம், ஆனால் இதில் கைக்கு அகப்பட்டது அந்த வளையம்தான். நான் அதைப் பூட்டவில்லை. வாத்தியார் சொல்லியிருந்தும் மறந்துவிட்டேன். அழுத்தினார், விழவில்லை. "எஃப்இஇ" மினுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணை வ்யூ ஃபைண்டரிலிருந்து எடுக்காமலே கட்டைவிரலால் 22-க்குத் தள்ளி, பூட்டி, நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டு எடுத்தார். மகள் "போதும் தாத்தா" என்று கையை நீட்டினாள். அத்தையின் அதே கை.

அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றத்தான் வழியில்லை. மாமாவின் கார்டு ரீடர் செத்துவிட்டது. காம்பாக்ட் ஃபிளாஷ் படிக்கிற ரீடர் யாரிடமாவது உபரியாக இருக்கிறதா? பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வடை இந்த முறை என் செலவு.